மெல்பேர்ணில் பழகிய வாய்

அண்ணை இறந்த செய்தி வந்தபோது நான் வேலையில் இருந்தேன். ரொறொன்ரோவில், அஜின்கோர்ட்டில் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறை. மதியச் சாப்பாடு முடிந்து வந்த தட்டுகளைக் கழுவும் இயந்திரத்துக்குள் அடுக்கிக்கொண்டிருந்தேன். மெல்பேர்ணில் இருந்து அண்ணையின் மகன் கைபேசிக்கு ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதியிருந்தான். வாசித்துவிட்டுக் கைபேசியைப் பைக்குள் வைத்தேன். மிச்சத் தட்டுகளையும் அடுக்கினேன். சூப்புக் கிண்ணங்களைக் கவிழ்த்து வைக்க வேண்டும், நிமிர்த்தி வைத்தால் அதற்குள் அழுக்குத் தண்ணீர் நிற்கும். அன்று எல்லாக் கிண்ணத்தையும் சரியாகத்தான் கவிழ்த்திருந்தேன்.

வேலை முடியும் வரை ஒருவரிடமும் சொல்லவில்லை. சொல்வதென்றால் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் ஒரு முழு வசனம் சொல்லி நெடுநாளாகிவிட்டது.

எனக்கு ஆங்கிலம் தெரியாது என்றுதான் அங்கே வேலை செய்கிறவர்கள் நினைத்திருக்கிறார்கள். தெரியும். யாழ்ப்பாணத்தில் சாதாரண தரப் பரீட்சை வரை படித்தேன். அங்கே கற்ற ஆங்கிலம் கொப்பியில் மட்டும் இருந்தது. பதினேழு வயதில் அண்ணை என்னை மெல்பேர்ணுக்கு எடுத்தார். மேலே படிக்கவில்லை. வீட்டுக்குக் கிட்ட இருந்த, பாண் ரொட்டி சுடும் தொழிற்சாலையில், வெட்டிய பாணைப் பைக்குள் போட்டுக் கட்டும் வரிசையில் நின்றேன். எனக்கு இரு பக்கமும் அந்த ஊர்ப் பெண்கள். இயந்திரச் சத்தத்துக்கு மேலாலே நாள் முழுக்கக் கதைப்பார்கள். புருஷன், நாய், தோட்டத்துத் தக்காளி, குதிரைப் பந்தயம் எல்லாம். நான் கேட்டுக்கொண்டு நின்றேன். ஒரு நாள் நானும் கதைத்தேன். வாயைத் திறந்தபோது அவர்களுடைய சத்தம்தான் வந்தது. எனக்கு வேறு ஆங்கிலம் கிடையாது.

அந்தச் சத்தத்தை எழுதிக் காட்டுவது கஷ்டம். இங்கே 'பேப்பர்' என்கிறார்கள். என் வாயில் அது 'பைப்பா' என்று விழும். வசனத்தின் முடிவு, கேள்வி கேட்பது போல மேலே போகும். கேள்வி ஒன்றும் இருக்காது.

அண்ணைக்கு அப்படி வாய் பழகவில்லை. அவர் முப்பது கடந்து போனவர். டிராம் ஓட்டினார். நகரத்துத் தெருக்களில் தண்டவாளத்தில் ஓடுவது, இங்கே ஸ்ட்ரீட்கார் என்பார்கள். ஓட்டுவதற்கு வேண்டிய ஆங்கிலம் இருந்தது. ஆனால் தொலைபேசி என்றால் பயம். முகம் தெரியாமல் ஒருவர் ஆங்கிலத்தில் கதைத்தால் அவருக்குக் கை வியர்த்துவிடும். ஆகவே வீட்டின் தொலைபேசிப் பேச்செல்லாம் நான்தான். காஸ் கொம்பனி, வங்கி, வைத்தியர், பிறகு அண்ணையின் பிள்ளைகளுடைய பள்ளிக்கூடம். அவர் என் கதிரைக்குப் பின்னால் நின்று என்ன கேட்க வேண்டும் என்று தமிழில் மெதுவாகச் சொல்லுவார். நான் அதை ஆங்கிலத்தில் சொல்லுவேன். என் சத்தத்தைக் கேட்டு மறுபக்கத்தில் இருப்பவர்கள் என்னை வெள்ளைக்காரி என்று நினைத்து, பகிடி விட்டு, நேரமெடுத்துக் கதைப்பார்கள். அண்ணை பின்னால் நின்று, அவன் என்ன சொல்லிச் சிரிக்கிறான் என்று கேட்பார்.

இருபத்தொன்பது வயதில் கல்யாணமாகி ரொறொன்ரோவுக்கு வந்தேன். வந்த புதிதில் பிக்கரிங்கில் ஒரு விருந்து. என் கணவரின் பெரியப்பா மகன் வீடு. நான் அவரை அத்தான் என்று கூப்பிடுவேன். சாப்பிட்டு முடிந்ததும் யாரோ ஒருவர், "தங்கச்சி, உங்கட இங்கிலீசில ஒண்டு கதையும் பாப்பம்" என்றார். என்ன கதைக்க என்று கேட்டேன். என்னென்றாலும் பரவாயில்லை என்றார்கள். வெளியே குளிர் கூட என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

"அட, கிரிக்கெட் கொமென்ரரி" என்றார் கதைக்கச் சொன்னவர். "இப்ப ஸ்கோர் என்னவாம்?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கெட்ட எண்ணத்தில் சொன்னதல்ல. அதன் பிறகு எந்த விருந்துக்குப் போனாலும் யாராவது ஸ்கோர் கேட்டார்கள். வெளியிலும் ஏறக்குறைய அப்படித்தான். காப்பிக்கடைப் பெண் இன்னொரு தரம் சொல்லச் சொல்லுவாள், விளங்காமல் அல்ல, கேட்க ஆசையாக இருப்பதால். தொலைபேசியில் கதைத்துவிட்டு நேரே போனால், வரவேற்பில் இருப்பவர் என்னைப் பார்த்துவிட்டு எனக்குப் பின்னால் யாரும் நிற்கிறார்களா என்று பார்ப்பார். மகள் பிறந்து வளர்ந்தாள். சாப்பாட்டு மேசையில் என்னைப் போலக் கதைத்துக் காட்டுவாள். "அம்மா, யூ சவுண்ட் லைக் எ சர்ஃபர்" என்பாள். கடலில் பலகை விட்டு விளையாடுகிற பெடியன்களைச் சொல்கிறாள். நான் கடலில் கால் நனைத்ததோடு சரி.

நான் குறைத்துக்கொண்டேன். முடிவெடுத்துச் செய்ததல்ல. முதலில் கணவர் எனக்காகக் கதைத்தார், பிறகு மகள் கதைத்தாள். கடையில் விரலால் காட்டினேன். வேலையில் தலையாட்டினேன். கவலையாக இருந்ததா என்று கேட்டால், இருந்ததாகச் சொல்ல முடியாது. ஒன்றும் இருக்கவில்லை.

அண்ணை இறந்த அன்று பின்னேரம் அவர் மகன் அழைத்தான். செத்தவீடு இன்னும் மூன்று நாளில் என்றான். எனது கடவுச்சீட்டு காலாவதியாகிக் கிடந்தது. போக முடியாது என்று இருவருக்கும் தெரியும், அதைப் பற்றிக் கதைக்கவில்லை.

"மாமி, அப்பான்ர பக்கத்தில இப்ப நீங்க மட்டும்தான்" என்றான். "ஸ்கிரீனில வந்து ஒரு அஞ்சு நிமிசம் கதைக்கவேணும். டிராம் டிப்போ ஆக்கள் எல்லாரும் வருவினம், அதால இங்கிலீசில."

இங்கிலீசிலோ என்று கேட்டேன்.

"பிளீஸ் மாமி. அம்மாவால ஏலாது."

அவன் அங்கே பிறந்தவன். அவனுடைய தமிழும் ஆங்கிலமும் என் வாய் போலவே இருந்தன. இன்னொருவர் வாயில் அந்தச் சத்தத்தைக் கேட்டு எவ்வளவோ காலம். அதைக் கேட்டுக்கொண்டிருந்ததில் அவன் கடைசியில் சொன்னது காதில் விழவில்லை. ஓம் என்று சொல்லிவிட்டேன்.

கணவரிடம் சொன்னேன். அவர் நல்ல மனிதர். "உமக்கேன் உந்தக் கரைச்சல்" என்றார். "அத்தான் எழுதித் தருவார். பிள்ளை இங்கிலீசில மாத்தி வாசிப்பாள். நீர் பக்கத்தில இருந்தாக் காணும்." அதற்கும் ஓம் என்றேன். ஆறுதலாகத்தான் இருந்தது.

அத்தானைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஸ்காபரோவில் யார் இறந்தாலும் கல்வெட்டு எழுதுகிறவர் அவர். முப்பத்தோராம் நாள் கிரியைக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கும் சின்னப் புத்தகத்தைத்தான் கல்வெட்டு என்கிறோம். முன்னால் இறந்தவரின் படம், பிறகு தேவாரங்கள், அவருடைய வாழ்க்கை வரலாறு, அவர் மேல் பாடிய வெண்பா. எழுதுவதற்கு அத்தான் ஒரு சதமும் வாங்குவதில்லை. மறுநாளே பனிக்குள் காரோட்டிக்கொண்டு பிக்கரிங்கில் இருந்து வந்தார். ஒரு கையில் மட்டும் கோட்டைக் கழற்றிவிட்டு, தட்டச்சு செய்த தாளை எடுத்து, சபையில் நிற்பது போல எழுந்து நின்று வாசித்தார்.

நன்றாக இருந்தது. அண்ணை பிறந்த மண்ணின் பெருமை, படித்த கல்லூரியின் பெருமை, பரோபகாரி, பண்பாளர், வாரி வழங்கிய வள்ளல். மெல்பேர்ணுக்குப் போனது ஒரு வரியில் இருந்தது. புலம்பெயர்ந்து சென்று போக்குவரத்துத் துறையில் உயர் பணியாற்றி என்று அது போனது. அங்கே அவர் முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் இருந்தார்.

"அண்ணை டிராம் ஓடினவர், அத்தான்" என்றேன்.

"தெரியும் பிள்ளை. சாரதி எண்டு போட்டாச் சபையில நல்லா இராது. நானும் பொய் எழுதேல்லை. உயரத்தில இருந்துதானே ஓடினவர்."

கணவர் சிரித்தார். அத்தானும் சிரித்தார். என்னைச் சிரிக்கவைக்கப் பார்க்கிறார் என்று விளங்கியது. அவருக்கு அண்ணைமேல் மரியாதை இருந்தது. அந்த மரியாதையால்தான் டிராமை மறைத்தார். எங்கள் ஆட்கள் எல்லோரும் அதைத்தான் செய்வார்கள். கல்வெட்டுகளில் பாண் தொழிற்சாலையில் நின்றவர்களும் இல்லை, தட்டுக் கழுவினவர்களும் இல்லை.

மகள் அன்று பின்னேரமே அதை ஆங்கிலத்தில் மாற்றி வாசித்துக் காட்டினாள். போக்குவரத்துத் துறையில் நீண்ட, சிறப்பான சேவை என்று வந்தது. செய்தி வாசிப்பது போலத் தெளிவாக வாசித்தாள். ஒரு பிழையும் இல்லை. ஆனால் நான் அந்த மண்டபத்தை நினைத்தேன். முன் வரிசைகளில் டிராம் ஓட்டுகிறவர்கள் இருப்பார்கள். அண்ணையோடு இருபது வருடம் வேலை செய்த ஒரு பெரிய உருவமான வெள்ளைக்காரர் இருக்கிறார், எங்கள் வீட்டுக்கு வந்து நண்டுக்கறியைக் கண்ணீர் வடியச் சாப்பிடுகிறவர். அவர் இதைக் கேட்டுவிட்டு, பக்கத்தில் இருப்பவரிடம் இது யாருடைய செத்தவீடு என்று கேட்பார் என்று தோன்றியது. அண்ணையைப் பற்றி நான் சொல்லப்போவது இது ஒன்றுதான். அதிலும் அவர் இருக்கமாட்டார்.

அடுத்த நாள் எனக்கு வேலை இல்லை. காலையில் கணவரும் மகளும் போன பிறகு சமையலறை மேசையில் இருந்தேன். வீட்டில் மகளுடைய பழைய அச்சுத் தாள்கள் கிடந்தன. அவற்றின் பின்பக்கத்தில் எழுதத் தொடங்கினேன். அதற்கு முதல் நான் ஒன்றும் எழுதியதில்லை. எனது அன்புச் சகோதரன் என்று தொடங்கியது. மூன்று வரி போனதும் அது அத்தானின் எழுத்து என்று தெரிந்தது. பேனை தானாகவே அங்கே போகிறது. வெட்டினேன். ஆங்கிலத்தில் தொடங்கினேன். அது மகளுடைய மின்னஞ்சல் போல வந்தது. அதையும் வெட்டினேன்.

தேத்தண்ணீர் போட எழுந்தேன். கேத்தில் கொதிக்கும்வரை நின்றபோது, பாண் தொழிற்சாலையில் எனக்கு இடது பக்கம் நின்ற பெண் நினைவுக்கு வந்தாள். அவளிடமென்றால் எப்படிச் சொல்லியிருப்பேன் என்று நினைத்தேன். பிறகு வாய்விட்டே சொன்னேன். என் அண்ணை செத்துப்போனார் என்று, ஆங்கிலத்தில், அந்தச் சமையலறையில் நின்று. அடுத்த வசனம் வந்தது. அதற்கு அடுத்ததும் வந்தது. வசனங்களின் கடைசி வழக்கம்போல மேலே போனது. அழுகை வரவில்லை. கேத்தில் கொதித்து நின்றுவிட்டது, நான் கதைத்துக்கொண்டிருந்தேன்.

அதை எழுதிவைக்க வேண்டும் என்று மேசைக்கு வந்தேன். ஆங்கில எழுத்தில் எழுதினால், எழுத்துக்கூட்ட யோசிக்கும் நேரத்தில் சத்தம் போய்விடுகிறது. எழுதிய சொல் மகளுடையது போல ஆகிவிடுகிறது. ஆகவே தமிழ் எழுத்தில் எழுதினேன். சொல்லெல்லாம் ஆங்கிலம், எழுத்து மட்டும் தமிழ். என் வாய் எப்படிச் சொல்கிறதோ அப்படியே. பேப்பரைப் பைப்பா என்றே போட்டேன். சாதாரண தரத்தில் சொல்வதெழுதுதல் எழுதியது போல, நான் சொல்லச் சொல்ல நானே எழுதினேன். பின்னேரம் வரை போனது.

அதில் இருந்தவை பெரிய விஷயங்கள் அல்ல. அண்ணை தொலைபேசிக்குப் பயந்தது. என் கதிரைக்குப் பின்னால் நின்றது. லீவு நாளிலும் டிராமில் ஏறி, ஓட்டுகிறவருக்குப் பின்னால் நின்று, அவர் எங்கே பிழை விடுகிறார் என்று பார்த்துக்கொண்டு போவது. கடைசித் தரிப்பிடத்தில் உட்கார்ந்து இடியப்பத்தை ஃபிளாஸ்க்கில் கொண்டுபோன சொதியில் தோய்த்துச் சாப்பிடுவது. எனக்கு வேலை முடியும் நேரம் பாண் தொழிற்சாலையைக் கடந்து போனால் மணியை இரண்டு முறை அடிப்பார். தண்டவாளத்தில் யாரும் நிற்காவிட்டால் மணி அடிக்கக்கூடாது என்பது விதி. வரிசையில் நின்ற பெண்கள் உன் அண்ணன் போகிறான் என்பார்கள். இவ்வளவுதான்.

மகள் வந்ததும், "காட்டுங்கோ அம்மா, ஐ'ல் ஃபிக்ஸ் இட்" என்றாள். தாளைக் கொடுத்தேன். அவளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது.

"திஸ் இஸ் தமிழ்."

"இல்லை. இங்கிலீஷ்தான்."

கொஞ்ச நேரம் தாளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். முதல் எழுத்தில் விரலை வைத்து எடுத்தாள்.

"அப்ப இதை நீங்க மட்டும்தான் வாசிக்கலாம்" என்றாள்.

"ஓம்" என்றேன். அதுவரைக்கும் அதை நான் யோசித்திருக்கவில்லை.

செத்தவீடு அங்கே வியாழன் காலை, இங்கே புதன் பின்னேரம். நாளைக்கு நடக்கிறதை இன்றைக்கே பார்க்கிறோம் என்று கணவர் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை. அத்தான் குடும்பமும் வெக்ஸ்போர்ட்டில் இருந்து வேறு இரண்டு குடும்பங்களும் வந்து வரவேற்பறையில் இருந்தார்கள். கணவர் மடிக்கணினியைத் தொலைக்காட்சியோடு இணைத்தார். அண்ணையின் முகம் பெரிதாக வந்தது. குருக்கள் கிரியை செய்தார். சுண்ணம் இடித்தார்கள், உலக்கைச் சத்தம் விட்டுவிட்டுக் கேட்டது. பேரப்பிள்ளைகள் பந்தம் பிடித்தார்கள். எனக்கு வாய்க்கரிசி போடக் கிடைக்கவில்லை. மடியில் கை வைத்திருந்தேன்.

பிறகு அண்ணையின் மகன் மைக்கில் என்னைக் கூப்பிட்டான். அத்தான் எழுதியதை வாசிக்கப்போவது மகள் என்று எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அவள் மடிக்கணினியை என் பக்கம் திருப்பினாள். நான் மடித்திருந்த தாள்களை விரித்து வாசித்தேன்.

என் சத்தம் அந்த மண்டபத்து ஒலிபெருக்கியில் போய், கொஞ்சம் பிந்தி எனக்கே திரும்பி வந்தது. மெல்பேர்ணில் ஒரு பெண் எனக்குப் பின்னாலேயே அதை வாசிப்பது போல இருந்தது. அவளுக்காக நான் மெதுவாக வாசித்தேன். டிராம் ஓட்டினார் என்ற இடத்தில் எங்கள் அறையில் யாரோ செருமினார்கள். மணி அடித்ததை வாசித்துவிட்டு அடுத்த பந்திக்குப் போய்விட்டேன். அப்போதுதான் சிரிப்பு வந்து சேர்ந்தது. ஆண்களின் சிரிப்பு, நிறையப் பேருடையது. எந்த வரிக்கு என்று ஒரு கணம் விளங்கவில்லை. என்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று நினைத்து நிறுத்தினேன். திரையில் நண்டுக்கறி வெள்ளைக்காரர் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருந்தவர் கையால் மணி அடித்துக் காட்டினார். நான் மிச்சத்தையும் வாசித்தேன்.

பெட்டி தகன அறைக்குள் போனது, திரைச்சீலை மூடியது, ஒளிபரப்பு நின்றது. தொலைக்காட்சியில் நீல நிறம் மட்டும் இருந்தது. தேத்தண்ணீர் கொடுத்தோம். அத்தான் பாதியைக் குடித்துவிட்டு, ரோட்டு வழுக்கும் என்று எழுந்தார். மனிசன் கோவித்துவிட்டார் போல என்று கணவர் பிறகு சொன்னார். நான் கோப்பைகளைக் கழுவினேன்.

அடுத்த வாரம் அண்ணையின் மகன் மறுபடி அழைத்து, அங்கே நான் வாசித்ததையே கல்வெட்டுக்குத் தமிழில் எழுதித் தரச் சொன்னான். வேலைக்குப் போக முன், காலையில் கொஞ்சம் கொஞ்சமாக எழுதினேன். தமிழும் அதே மாதிரித்தான் வந்தது. சின்னச் சின்ன வசனங்கள். அன்னார் என்று ஓரிடத்திலும் வரவில்லை. பண்பாளர், பரோபகாரி என்றெல்லாம் அழகாகச் சேர்க்கலாமா என்று பார்த்தேன். சேர்த்த இடங்களில் அண்ணை இல்லாமல் போனார். எடுத்துவிட்டேன். மெல்பேர்ணில் கொடுக்கும் கல்வெட்டென்றாலும் பக்கங்களை அமைத்து அச்சுக்கு அனுப்பும் வேலை அத்தானுடையது, ஆகவே அவருக்குத்தான் அனுப்ப வேண்டியிருந்தது. அனுப்பினேன். இரண்டு மூன்று நாள் பதில் இல்லை. பிறகு ஒரு காலை, நான் வேலைக்கு வெளிக்கிடும்போது அழைத்தார்.

"பிள்ளை, வாசிச்சனான்."

"ஓம் அத்தான்."

"சாரதி எண்டே கிடக்கு."

"ஓம்."

"அந்த மணி விசயம். விதியை மீறி அடிச்சவர் எண்டு கிடக்கு. உது கல்வெட்டில வாற விசயமோ? சனம் காலத்துக்கும் வைச்சு வாசிக்கிறது."

அவர் தாளைப் புரட்டும் சத்தம் கேட்டது.

"ஒரு இடமும் மாத்த வேண்டாமோ?"

"வேண்டாம் அத்தான். எழுத்துப் பிழை இருந்தா மட்டும் பாருங்கோ."

"எழுத்துப் பிழை ரெண்டு கிடந்தது. திருத்திப்போட்டன்." கொஞ்சம் பொறுத்து, "நான் வெண்பா ஒண்டு எழுதி வைச்சனான்" என்றார்.

"அதையும் போடுங்கோ."

"எங்க போடுறது?"

"கடைசிப் பக்கத்தில."

"அப்ப உம்மட எழுத்து முன்னுக்கோ?"

"ஓம் அத்தான். என்ரை முன்னுக்கு."

பாப்பம் என்று சொல்லிவிட்டு வைத்தார். நான் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்குப் போனேன்.